இந்த ஏழு எப்படி வந்தது?

2005-ஆம் ஆண்டில் நான் செங்கல்பட்டிலிருந்து சென்னைப் பாரிமுனைக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். காலை மின்சார ரயிலில் ஏறினால் கடற்கரை நிலையம் போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சீசன் டிக்கெட் எடுத்துப் போகிறவர்களுக்கு என்று ஒரு பெட்டி, ஒரு மூலை, ஒரு கூட்டம் தானாகவே அமைந்துவிடும். எங்கள் மூலையில் ஒரு ஆங்கில நாளிதழை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொள்வோம். விளையாட்டுப் பக்கத்துக்குத்தான் எப்போதும் அடிபிடி. அந்த ஆண்டு திடீரென்று உள்ளே இருந்த ஒரு தாளுக்கும் கை நீண்டது. அதில்தான் சுடோகு வரத் தொடங்கியிருந்தது.

விதி மூன்றே வரி. கிடையாக ஒன்பது நிரை, செங்குத்தாக ஒன்பது நிரல், மொத்தம் 81 கட்டங்கள். அவை மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சிறு சதுரங்களாகவும் பிரிந்திருக்கும். ஒவ்வொரு நிரையிலும், ஒவ்வொரு நிரலிலும், ஒவ்வொரு சிறு சதுரத்திலும் 1 முதல் 9 வரை எல்லா எண்ணும் ஒருமுறை வர வேண்டும். சில கட்டங்களை அவர்களே நிரப்பிக் கொடுத்திருப்பார்கள். மிச்சம் நம் பாடு. எண்களைப் பார்த்ததும் “நமக்குக் கணக்கு வராதுப்பா” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. உண்மையில் இதில் கூட்டலும் இல்லை, பெருக்கலும் இல்லை. எண்களுக்குப் பதில் ஒன்பது எழுத்துகளைப் போட்டாலும் புதிர் மாறாது. எது எங்கே வராது என்று பார்த்துப் பார்த்து, எது எங்கே வந்தாக வேண்டும் என்ற இடத்துக்குப் போவதுதான் ஆட்டம்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் மறைமலைநகரில் ஏறும் ஒரு பெரியவர். அரசுத் தணிக்கைத் துறையில் வேலை பார்த்தார். பெட்டியில் எல்லோருக்கும் ‘ஆடிட் சார்’. சட்டைப் பையில் கூர் சீவிய பென்சில் ஒன்று எப்போதும் இருக்கும். நான் மளமளவென்று கட்டங்களை நிரப்புவதைத் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு நாள் விரலை வைத்தார்.

“தம்பி, இந்த ஏழு எப்படி வந்துச்சு?”

“வேற எங்கயும் வராது சார்.”

“அது முடிவு. காரணத்தச் சொல்லுங்க.”

சொல்லிப் பார்த்தேன். மேலே பக்கத்துப் பக்கத்தில் மூன்று சிறு சதுரங்கள். இடப்பக்கச் சதுரத்தில் 7 முதல் நிரையில் இருக்கிறது. நடுச் சதுரத்தில் 7 இரண்டாம் நிரையில் இருக்கிறது. ஒரு நிரையில் 7 ஒருமுறைதான் வரலாம் என்பதால் வலப்பக்கச் சதுரத்தின் 7 மூன்றாம் நிரைக்குத்தான் வர வேண்டும். அங்கே மூன்று கட்டங்கள். ஒன்றில் 4 அச்சாகியிருக்கிறது. இன்னொன்றின் நிரலில் கீழே எங்கோ ஒரு 7 உட்கார்ந்திருக்கிறது. மிஞ்சியது ஒரே கட்டம்.

“இப்ப எழுதுங்க” என்றார். “வவுச்சர் இல்லாம ஒரு செலவையும் நான் பாஸ் பண்ண மாட்டேன். இதுலயும் அப்படித்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வவுச்சர் வேணும்.”

அந்த வவுச்சர்தான் எனக்கு சுடோகு. அதற்கு முன்பு நான் விடைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து காரணங்களைத் தேடத் தொடங்கினேன். இரண்டுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பது எளிய புதிர்களில் தெரியாது. கடினமான புதிரில் பாதி வழியில் நின்றுபோகும்போதுதான் தெரியும்.

நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்கும் அவரிடம் ஒழுங்கு இருந்தது. காலியாக உள்ள கட்டத்தின் மூலையில், அங்கே வரக்கூடிய எண்களை மட்டும் பொடியாக எழுதுவார். எல்லாக் கட்டத்திலும் எழுத மாட்டார்; இரண்டு, மூன்று எண்ணுக்குள் சுருங்கியவற்றில் மட்டும். எழுதி முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே பார்ப்பார். ஒரே நிரையில் இரண்டு கட்டங்கள், இரண்டிலும் 2, 8 என்ற இரண்டே சாத்தியங்கள். எதில் 2, எதில் 8 என்று இப்போது தெரியாது. ஆனால் அந்த இரண்டு எண்ணையும் அந்த இரண்டு கட்டங்களும் பங்கு போட்டுக்கொள்ளப் போகின்றன என்பது உறுதி. ஆகவே அந்த நிரையில் வேறெங்கும் 2, 8 வராது, அழித்துவிடலாம். இதை எங்கள் மூலையில் ‘ஜோடி’ என்போம்.

அதைவிட நுட்பமான ஒன்றுக்கு ‘நாலு மூலை’ என்று பெயர் வைத்திருந்தோம். ஆங்கிலப் புத்தகங்களில் அது எக்ஸ்-விங். இரண்டாம் நிரையில் 6 வரக்கூடிய இடங்கள் இரண்டே: மூன்றாம் நிரல், ஏழாம் நிரல். எட்டாம் நிரையிலும் அதே இரண்டு நிரல்கள்தான். இரண்டாம் நிரையின் 6 மூன்றாம் நிரலில் வந்தால் எட்டாம் நிரையின் 6 ஏழாம் நிரலுக்குப் போய்விடும். அது ஏழில் வந்தால் இது மூன்றுக்கு வரும். எப்படிப் பார்த்தாலும் மூன்றாம் நிரலுக்கும் ஏழாம் நிரலுக்கும் உரிய 6 இந்த நான்கு மூலைகளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதனால் அந்த இரு நிரல்களில் மற்ற கட்டங்களில் எழுதி வைத்திருக்கும் 6 எல்லாவற்றையும் அடிக்கலாம். ஒரு 6 கூட எங்கே என்று தெரியாமலே இத்தனை 6-களை நீக்க முடிகிறதே என்று முதல்முறை புரிந்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. பாதி மட்டும் தெரிந்த நிலையிலும் முழு உறுதியோடு ஒன்றைச் சொல்லலாம் என்பதை எந்த வகுப்பறையிலும் நான் அவ்வளவு தெளிவாகக் கற்றதில்லை.

புதிரின் மறுபக்கத்தை, அதாவது செய்கிறவரின் பக்கத்தைப் பார்க்க வைத்தது ஒரு தகராறு. நடைமேடைக் கடை ஒன்றில் வாங்கிய மலிவுப் புத்தகத்தின் ஒரே புதிரை எங்கள் மூலையில் இரண்டு பேர் போட்டார்கள். இருவரும் முடித்தார்கள். விடைகள் ஒத்துப்போகவில்லை. உன்னுடையது தப்பு, என்னுடையது சரி என்று வண்டலூர் தாண்டும் வரை வாக்குவாதம். கடைசியில் இரண்டு தாளும் ஆடிட் சாரிடம் வந்தன. பென்சில் முனையால் ஒவ்வொரு நிரையாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். 77 கட்டங்கள் ஒன்றுபோல இருந்தன. நான்கில் மட்டும் வேறுபாடு.

நான்காம், ஐந்தாம் நிரைகள். இரண்டாம், எட்டாம் நிரல்கள். ஒருவர் தாளில் மேலே 3, 9. கீழே 9, 3. மற்றவர் தாளில் மேலே 9, 3. கீழே 3, 9. நிரையைப் பார்த்தால் இரண்டிலும் 3-உம் 9-உம் உண்டு. நிரலைப் பார்த்தாலும் உண்டு. நான்காம் நிரையும் ஐந்தாம் நிரையும் ஒரே சிறு சதுரங்களின் ஊடே போவதால் சதுரத்தைப் பார்த்தாலும் குறையில்லை. இரண்டு விடையும் சரி.

“போட்டவங்க மேல தப்பு இல்ல” என்றார் அவர். “இந்த நாலு கட்டத்துல ஏதாவது ஒண்ண அச்சுலயே கொடுத்திருக்கணும். கொடுக்கல. இங்க வவுச்சருக்கு வழியே இல்ல.”

அந்த நொடிவரை புதிர் என்பது செய்தித்தாளில் தானாக முளைப்பது போலத்தான் எனக்கு இருந்தது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, எதைக் கொடுப்பது எதை மறைப்பது என்று முடிவு செய்கிறார். அவர் கவனம் தவறினால் இங்கே இரண்டு நண்பர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அந்த யாரோ ஒருவரைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

சுடோகு ஜப்பானியப் புதிர் என்று எல்லோரையும்போல நானும் நினைத்திருந்தேன். பிறந்த இடம் அமெரிக்கா. 1979 மே மாதம் டெல் நிறுவனத்தின் புதிர் இதழ் ஒன்றில் ‘நம்பர் பிளேஸ்’ என்ற பெயரில் வந்தது. 1984-இல் ஜப்பானின் நிகோலி நிறுவனம் அதை எடுத்து, அங்குள்ள வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியது. இன்றைய பெயர் அங்கே வந்ததுதான். நிகோலியின் மாக்கி காஜியும் அவருடைய கூட்டாளிகளும் 1986-இல் இரண்டு கட்டுப்பாடுகள் கொண்டுவந்தார்கள். கொடுக்கும் எண்கள் 32-க்கு மேல் போகக் கூடாது. அவை இருக்கும் இடங்கள் சமச்சீராக அமைய வேண்டும். தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் நிரம்பிய கட்டங்களின் கோலம் மாறாமல் தெரிவது அந்தச் சமச்சீரால்தான். விடை காண்பதற்கு அது தேவையே இல்லை. ஆனாலும் கையால் செய்தவரின் முகவரி அதில் தெரியும். காஜி 2021 ஆகஸ்டில் காலமானார்.

எங்கள் ரயில் பெட்டிவரை சுடோகு வந்து சேர்ந்ததற்குக் காரணம் இன்னொருவர். நியூசிலாந்துக்காரரான வேய்ன் கூல்டு ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். 1997-இல் டோக்கியோவில் ஒரு புத்தகக் கடையில் இந்தப் புதிரைப் பார்த்தார். அதை உருவாக்கும் கணினி நிரலை எழுதுவதில் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் செலவிட்டார். 2004 நவம்பர் 12 அன்று லண்டனின் ‘தி டைம்ஸ்’ நாளிதழில் அவருடைய புதிர்கள் வெளிவரத் தொடங்கின. அடுத்த ஆண்டே உலகம் முழுக்கப் பத்திரிகைகள் சுடோகுவுக்கு இடம் ஒதுக்கின. 2006-இல் இத்தாலியின் லூக்காவில் முதல் உலகப் போட்டி நடந்தது. 2008-இல் அது நம் கோவாவுக்கே வந்தது. போட்டிக்காரர்களின் வேகம் வியக்க வைப்பது. ஆனால் ஒரு புதிரைப் போட ஓரிரு நிமிடம் எடுத்துக்கொள்கிறவர்களைவிட, அதைச் செய்ய ஆறு ஆண்டு எடுத்துக்கொண்ட அந்த நீதிபதிதான் என் மனத்தில் நின்றார்.

சில ஆண்டுகள் கழித்து எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் நான்கு பக்கத்தில் மாத இதழ் ஒன்று கொண்டுவந்தது. தண்ணீர் வரும் நேரம், சொத்து வரி கட்டும் தேதி, பிள்ளைகளின் மதிப்பெண்கள் போக மிஞ்சிய இடத்துக்கு ஒரு சுடோகு கேட்டார்கள். வேறு எங்கிருந்தாவது எடுத்துப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நானே செய்வதென்று இறங்கினேன்.

முதலில் நிரம்பிய சதுரம் ஒன்று வேண்டும். அதற்கு எளிய வழி உண்டு. படிக்கிறவர்கள் இப்போதே தாளில் எழுதிப் பார்க்கலாம். முதல் நிரையில் 123456789. அதை மூன்று இடம் நகர்த்தினால் இரண்டாம் நிரை: 456789123. இன்னும் மூன்று நகர்த்தினால் மூன்றாம் நிரை: 789123456. நான்காம் நிரையை 2-இல் தொடங்கி 234567891 என்று எழுதி, அதையும் அதேபோல மும்மூன்றாக நகர்த்தி ஐந்தையும் ஆறையும் நிரப்ப வேண்டும். ஏழாம் நிரை 3-இல் தொடங்கும்: 345678912. எட்டும் ஒன்பதும் அதிலிருந்தே வந்துவிடும். நிரை, நிரல், சிறு சதுரம் மூன்றும் சரியாக இருக்கும்.

இதை அப்படியே வெளியிட்டால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஆகவே கலைக்க வேண்டும். விதி கெடாமல் கலைக்கச் சில வழிகள் உண்டு. எல்லா 1-ஐயும் 5 ஆக்கி, எல்லா 5-ஐயும் 1 ஆக்கலாம். முதல் மூன்று நிரைகளுக்குள் எதையும் எதோடும் இடம் மாற்றலாம்; அடுத்த மூன்றிலும் கடைசி மூன்றிலும் அப்படியே. மூன்று நிரைகளை ஒரு கட்டாகத் தூக்கி இன்னொரு கட்டின் இடத்தில் வைக்கலாம். நிரல்களுக்கும் இதே சுதந்திரம். நிரைகளை நிரல்களாகத் திருப்பிப் போடலாம். நான்கு சுற்றுக் கலைத்தால் முதலில் எழுதிய ஒழுங்கு கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. எண்களை எடுக்க வேண்டும். முதல் நிரையின் இரண்டாம் கட்டத்தை எடுத்தால், சமச்சீருக்காக ஒன்பதாம் நிரையின் எட்டாம் கட்டத்தையும் எடுப்பேன். இப்படி ஜோடி ஜோடியாக எடுத்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: இப்போதும் விடை ஒன்றுதானா?

ரயிலில் பார்த்த அந்த நான்கு கட்டங்கள் இந்த இடத்தில் துணைக்கு வந்தன. எதை மொத்தமாக எடுக்கக் கூடாது என்பதற்கு அது ஒரு சான்று. ஆபத்து எப்போதும் நான்கு மூலையாகவே வரும் என்றில்லை. மேலே சொன்ன கலைக்காத சதுரத்தையே பாருங்கள். முதல் இரண்டு நிரைகளில் 1, 4, 7 ஆகிய நிரல்களை எடுத்துக்கொள்வோம். மேலே 1, 4, 7. கீழே 4, 7, 1. இந்த ஆறு கட்டங்களில் மேலே உள்ளதைக் கீழேயும் கீழே உள்ளதை மேலேயும் மாற்றிப் போட்டால் எந்த நிரையும் கெடாது, எந்த நிரலும் கெடாது, எந்தச் சிறு சதுரமும் கெடாது. ஆக, இந்த ஆறில் ஒன்றையாவது கொடுத்தே தீர வேண்டும். ஆறையும் மறைத்தால் புதிருக்கு இரண்டு விடை வந்துவிடும். இதே காரணத்தால்தான் ஒன்பது எண்களில் குறைந்தது எட்டு, கொடுத்த எண்களில் தலை காட்ட வேண்டும். 3-உம் 9-உம் எங்குமே தரப்படவில்லை என்றால், முழு விடையிலும் அந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிவிட்டாலும் விடை சரியாகவே இருக்குமே.

கையால் இதையெல்லாம் சரிபார்ப்பது பொறுமையைக் கேட்கும் வேலை. அப்போது பொறியியல் படித்துக்கொண்டிருந்த என் அக்கா மகன் ஒரு விடுமுறையில் வந்தான். “மாமா, இதுக்குப் போய் ராத்திரி பூரா உக்காந்திருக்கீங்களா?” என்று பைத்தான் மொழியில் சிறிய கணினி நிரல் ஒன்றை எழுதிக்காட்டினான். காலியான கட்டத்தில் சாத்தியமான எண்ணைப் போடும், முன்னே போகும், முட்டிக்கொண்டால் பின்வாங்கி அடுத்த எண்ணைப் போடும். விடை கிடைத்ததும் நிற்காமல் இன்னொன்று உண்டா என்று தேடும். இரண்டாவது கிடைத்தால் உடனே சொல்லிவிடும். எனக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

இன்னும் நேர்த்தியான வழி ஒன்றையும் அவன் விளக்கினான். கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத் 2000-இல் எழுதிய ‘டான்சிங் லிங்க்ஸ்’ என்ற முறை. ஒரு கட்டத்தில் ஓர் எண் என்று பார்த்தால் 81 கட்டம், ஒன்பது எண், மொத்தம் 729 சாத்தியங்கள். நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகள் 324: ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் இருக்க வேண்டும் என்பது 81, ஒவ்வொரு நிரையிலும் ஒவ்வொரு எண்ணும் வர வேண்டும் என்பது 81, நிரலுக்கு 81, சிறு சதுரத்துக்கு 81. அந்த 729-இலிருந்து 81-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். 324 நிபந்தனைகளும் விட்டுப்போகாமல், இரட்டிக்காமல் நிறைவேற வேண்டும். வருடக்கணக்காக நான் பென்சிலோடு பார்த்துவந்த புதிரை இந்த வடிவில் பார்த்தபோது, அதன் எலும்புக்கூடு முழுவதும் தெரிந்தது. கட்டத்தைப் பார்த்து ‘இங்கே என்ன வரும்’ என்று கேட்பதும், எண்ணைப் பார்த்து ‘இது எங்கே வரும்’ என்று கேட்பதும் சம உரிமை உள்ள கேள்விகள். ஆடிட் சார் சொல்லித் தந்த அந்த ஏழு இரண்டாவது கேள்விக்கு வந்த பதில்.

கணிதம் தெரிந்தவர்கள் இந்தச் சிறிய சதுரத்துக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பதையும் அந்த நாட்களில்தான் அறிந்தேன். 2005-இல் பெர்ட்ராம் ஃபெல்கன்ஹவரும் ஃப்ரேசர் ஜார்விஸும் நிரம்பிய சுடோகு சதுரங்கள் மொத்தம் எத்தனை என்று எண்ணிச் சொன்னார்கள்: 6,670,903,752,021,072,936,960. நம் வழக்கில் சொன்னால் சுமார் 6.67 கோடி கோடி கோடி. நான் செய்த அந்த நிரை மாற்றம், நிரல் மாற்றம், நிரை-நிரல் திருப்பம், எண் மாற்றம் ஆகியவற்றால் ஒன்றிலிருந்து ஒன்று கிடைப்பவற்றை எல்லாம் ஒன்றாகவே கணக்கிட்டால், உண்மையில் வெவ்வேறான சதுரங்கள் 5,472,730,538. 547 கோடிக்குச் சற்று மேல்.

குறைந்தது எத்தனை எண்கள் கொடுத்தால் ஒரே விடை வரும்? 17 எண்களே கொடுத்து ஒரே விடை வரும் புதிர்களை ஆஸ்திரேலியாவின் கார்டன் ராயல் ஆயிரக்கணக்கில் திரட்டி வைத்திருந்தார். 16 எண்களில் ஒன்றுகூட யாருக்கும் அகப்படவில்லை. அகப்படாததும் இல்லாததும் ஒன்றல்ல. அதற்கும் வவுச்சர் வேண்டும். டப்ளினில் கேரி மெக்கயரும் அவருடைய குழுவினரும் அந்த 547 கோடிச் சதுரங்களையும் ஒவ்வொன்றாகக் கணினியில் ஓட்டிப் பார்த்து, 16 எண்களில் புதிர் சாத்தியமே இல்லை என்று 2012 ஜனவரியில் அறிவித்தார்கள். ஒரே ஒரு செயலி மட்டும் உழைத்திருந்தால் 70 லட்சம் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அவர்கள் சாய்ந்து நின்ற தூண் எது தெரியுமா? மேலே நான் சொன்ன அந்த நான்கு கட்டம், ஆறு கட்டம் மாதிரியான, ஒன்றையாவது கொடுத்தே ஆக வேண்டிய தொகுதிகள். ஒவ்வொரு சதுரத்திலும் அவற்றைத் தேடி எடுத்து, எல்லாத் தொகுதியையும் தொட்டுவிட 16 கட்டங்கள் போதுமா என்று பார்த்தார்கள். ரயிலில் இரண்டு பேர் சண்டை போட்ட விஷயம் டப்ளினில் ஒரு நிரூபணத்துக்கு அடித்தளமாக இருந்தது.

கணினி கைக்கு வந்த பிறகு புதிர் செய்வது நொடி வேலையாகிவிட்டது. விடை ஒன்றே ஒன்று என்று அது உறுதி சொல்லிவிடும். அப்படி வந்த புதிர் ஒன்றை அச்சுக்குக் கொடுக்கும் முன், அதற்குள் பணி ஓய்வு பெற்றிருந்த ஆடிட் சாரிடம் கொண்டுபோனேன். இரண்டு நாள் கழித்துத் தாளைத் திருப்பித் தந்தார். பாதிவரை பென்சில் எண்கள். ஒரு கட்டத்தின் ஓரமாகச் சின்னக் கேள்விக்குறி.

“விடை ஒண்ணுதான் தம்பி, சந்தேகமில்ல. ஆனா இங்கருந்து அடுத்த அடி வைக்கணும்னா, ஒரு எண்ணப் போட்டுப் பாத்து, பத்துப் பன்னெண்டு கட்டம் போய், முட்டுதான்னு பாத்துட்டுத் திரும்பணும். மெஷின் அப்படிப் போகும். ரயில்ல ஒத்தக் காலுல நிக்கிற மனுஷன் எப்படிப் போவான்?”

முட்டிக்கொள்ளும்வரை போய்த் திரும்புவதும் தர்க்கப்படி முறையான நிரூபணம்தான் என்பது அவருக்குத் தெரியும். அவர் பேசியது வேறொன்றைப் பற்றி. புதிர் போடுகிறவர் நம்மை நம்பி உட்காருகிறார். விடை உண்டு என்று நம்புகிறார். அது ஒன்றுதான் என்று நம்புகிறார். மூன்றாவதாக, தன் கண்ணாலும் அறிவாலும் அங்கே போய்ச் சேர ஒரு வழி இருக்கிறது என்றும் நம்புகிறார். முதல் இரண்டையும் கணினி காப்பாற்றும். மூன்றாவதைச் செய்கிறவர்தான் காப்பாற்ற வேண்டும்.

அக்கா மகனிடம் சொல்லிக் கணினி நிரலில் இன்னொரு பகுதியைச் சேர்த்தோம். உருவான புதிரை அது மனிதர்கள் போடும் விதத்தில் போட்டுப் பார்க்கும். முதலில் ஒரே சாத்தியம் உள்ள கட்டங்கள், பிறகு ஓர் எண்ணுக்கு ஒரே இடம் உள்ள சதுரங்கள், பிறகு ஜோடி, கடைசியாக நாலு மூலை. இவற்றால் முடிந்தால் புதிர் பக்கத்துக்குப் போகும். எங்கே எந்த உத்தி தேவைப்பட்டது என்பதை வைத்து எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரிப்போம். முடியாவிட்டால் ஒதுக்கிவிடுவோம். கொடுத்த எண்களின் எண்ணிக்கையை வைத்துக் கடினத்தை அளக்க முடியாது என்பது இதில்தான் பிடிபட்டது. 17 எண்களே உள்ள சில புதிர்கள் கடகடவென்று விழுந்துவிடும். 30 எண்கள் கொடுத்தும் ஒரே ஒரு கண்ணி அகப்படாமல் மணிக்கணக்கில் உட்கார வைக்கும் புதிர்களும் உண்டு. எத்தனை கதவுகள் திறந்திருக்கின்றன என்பதுதான் கணக்கு. நல்ல புதிரில் தொடக்கத்தில் இரண்டு மூன்று கதவுகள் திறந்திருக்கும். நடுவில் ஒரே கதவு, அதுவும் தேடினால்தான் தெரியும். அதைக் கடந்தால் மிச்சம் தானாக விரியும். அந்த நடுக்கதவை எங்கே வைப்பது என்று யோசிப்பதில்தான் இதன் கலை இருக்கிறது. கணினி நிரல் தரம் பிரித்துத் தந்த பிறகும் ஒவ்வொரு புதிரையும் நான் பென்சிலால் ஒருமுறை முழுக்கப் போட்டுப் பார்ப்பது அதற்காகத்தான்.

இந்தப் புதிரை முதன்முதலில் செய்தவர் பெயர் நெடுநாள் யாருக்கும் தெரியாமல் இருந்தது. டெல் இதழ் அந்தப் புதிரின் மேல் ஆசிரியர் பெயரை அச்சிடவில்லை. இதழுக்குப் பங்களித்தவர்களின் பெயர்கள் மட்டும் முன்பக்கத்தில் பட்டியலாக வரும். நியூயார்க் டைம்ஸின் புதிர்ப் பகுதி ஆசிரியர் வில் ஷார்ட்ஸ் பழைய இதழ்களை எடுத்துவைத்து அந்தப் பட்டியல்களை ஒப்பிட்டார். ‘நம்பர் பிளேஸ்’ வந்த இதழ்களில் எல்லாம் ஒரு பெயர் இருந்தது. அது வராத இதழ்களில் அந்தப் பெயர் இல்லை. ஹோவர்டு கார்ன்ஸ், இண்டியானாபொலிஸ் நகரத்துக் கட்டடக் கலைஞர். புதிர் வெளியானபோது எழுபதைத் தாண்டியவர். 1989-இல் காலமாகிவிட்டார். தான் செய்தது உலகம் முழுக்கக் காலைக் காப்பியோடு வரப்போகிறது என்பதை அவர் பார்க்கவில்லை. ஆனால் அவரைக் கண்டுபிடித்த விதம், அவர் தந்த புதிரைப் போடும் அதே விதம்: எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்த்து, மிஞ்சிய ஒன்றைக் காரணத்தோடு எழுதுவது.

இதைப் படித்தபோது ஆடிட் சாருக்குத் தொலைபேசியில் சொன்னேன். “சரியான வவுச்சர்” என்றார். அவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

எங்கள் மாத இதழில் சுடோகு இன்றும் வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் சிலர் முடித்த தாளோடு வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள். விடை சரியா என்று நான் பார்ப்பதில்லை. முடித்திருந்தால் அது சரியாகத்தான் இருக்கும். ஏதாவது ஒரு கட்டத்தைத் தொட்டு, இது எப்படி வந்தது என்று கேட்கிறேன். சில பிள்ளைகள் விழிப்பார்கள். சிலர் மூச்சு விடாமல் சொல்வார்கள். விழித்தவர்களும் அடுத்த மாதம் வரும்போது கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். தான் எழுதிய ஒன்றுக்குத் தானே காரணம் சொல்ல முடிகிறது என்ற தெம்பு பத்து வயதிலேயே ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால், அது எண்களோடு நிற்காது. நாளை யார் எதைச் சொன்னாலும், எப்படி வந்தது என்று அந்தப் பிள்ளை கேட்கும். அதற்காகவே மாதா மாதம் ஒரு புதிர் செய்யலாம்.